கழுத்தில் சுண்ணாம்பு பூசி வந்தவர்கள்

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. மழையும் இன்றே தொடங்கியது. இந்த மலையில் இரண்டும் பேசி வைத்துக்கொண்டுதான் வரும்.

இந்த டைரியை இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஜனவரியில் கொடுத்தார். ஐந்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. “எழுதுனா எழுதுங்க, இல்லன்னா குடுங்க, சமையல் குறிப்பு எழுதிக்கிடுதேன்” என்று ஞானம் கேட்டாள். மனைவி கேட்ட பிறகுதான் எனக்கு இதன் மேல் பாசம் வந்தது. ஆகவே எழுதுகிறேன். பெயர் கோயில்பிள்ளை, வயது ஐம்பத்து மூன்று, சொந்த ஊர் நாசரேத். வால்பாறை மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் நடுநிலைப் பள்ளியில் பதினேழு வருடமாக உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு பி.டி. சார். எனக்குத் தெரியாமல் அவர்கள் வைத்திருக்கும் பெயர் பீப்பி. எனக்குத் தெரியும் என்று நானும் காட்டிக்கொள்வதில்லை.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நூற்று நாற்பது பிள்ளைகள். நகம், தலைமுடி, சீருடை எல்லாம் பார்த்தேன். சுத்தத்துக்கு இந்த வட்டாரத்தில் எங்கள் பள்ளிக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர் யாரால் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும், தலைமையாசிரியை மட்டும் சொல்ல மாட்டார்.

ஜூன் 19, புதன்

குளிர் எலும்பு வரை போகிறது. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் நெருக்கிப் படுக்கிறார்கள். ஒருவருக்கு இருமல் வந்தால் வாரக் கடைசிக்குள் மொத்த லயனும் இருமுகிறது.

இன்று வரிசையில் ஆறு பேர் கழுத்தில் சுண்ணாம்பு. தொண்டை வலி என்றால் இங்கே தாய்மார்கள் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துக் கழுத்தில் பட்டையாகப் பூசி அனுப்பிவிடுவார்கள். அதோடு வைத்தியம் முடிந்தது. காய்ந்து உதிர்ந்து சட்டையெல்லாம் அலங்கோலம். “என்னடே, வீட்டுக்கு வெள்ளையடிச்ச மிச்சத்தைப் பூசிட்டு வந்து நிக்கிய?” என்றதும் வரிசையே சிரித்தது. ஆறு பேரையும் குழாயடிக்கு அனுப்பிக் கழுவி வரச் சொன்னேன். இது பழைய சட்டம்தான், புதுப் பிள்ளைகளுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஆறு பேரில் ஒருத்தி ஆறாம் வகுப்பு கௌசிகா. கோ-கோவில் இவள் வளைந்து ஓடினால் துரத்துகிறவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த கம்பத்தில் நிற்பாள். ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி. ஒன்பது வருடமாக நாங்கள் முதல் சுற்றைத் தாண்டியதில்லை, இந்த முறை தாண்டுவோம்.

“தொண்டை வலிக்கா?”

“இல்ல சார். அம்மா சும்மா பூசுச்சு.”

வலிக்கிறது என்று சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவேன் என்று பயம். பொய்யாக இருந்தாலும் நல்ல பொய் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

தொண்டைகள் எல்லாம் தாமாகவே சரியாகிவிட்டன. வரிசை சுத்தம்.

ஜூலை 8, திங்கள்

பயிற்சியின் நடுவில் கௌசிகா உட்கார்ந்துகொண்டாள். வலது முட்டி வலிக்கிறதாம். கொஞ்சம் வீக்கம் இருந்தது. ஸ்ப்ரே அடித்து அனுப்பினேன்.

ஜூலை 9, செவ்வாய்

வலது முட்டி சரியாகிவிட்டதாம். இன்று இடது கணுக்கால்.

“நேத்து வலது முட்டின்ன?”

“அது போயிருச்சு சார். இப்ப இங்க வந்திருச்சு.”

வலி பஸ் ஏறி ஊர் மாறுகிறது. பி.டி. வகுப்பிலிருந்து தப்பிக்கப் பிள்ளைகள் சொன்ன சாக்குகளைப் பதினேழு வருடமாகக் கேட்கிறேன். பாட்டி செத்ததில் தொடங்கிப் பூனை குட்டி போட்டது வரைக்கும். இது புதிது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

இன்று மணிக்கட்டு. “கைதானே வலிக்கு, காலுக்கு என்ன?” என்று மைதானத்தை நான்கு சுற்று ஓடவிட்டேன். நடிப்புக்கு மருந்து ஓட்டம். இரண்டாம் சுற்றில் நின்றாள், விசில் ஊதினேன். நான்கையும் முடித்துவிட்டுக் கொடிக்கம்பத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல நடிகை.

சாயங்காலம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் அம்மா பேச்சியம்மாளைப் பார்த்தேன். கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார், இவர்தான் தனியாகப் பிள்ளையை வளர்க்கிறார். “உங்க மக நடிக்கா. வீட்டுல இடங்குடுக்காதீங்க” என்றேன். “நான் பாத்துக்கறேன் சார்” என்றார். பொறுப்பான தாய்.

நாள் முழுக்க மழை.

ஜூலை 12, வெள்ளி

கௌசிகா வரவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

நடமாடும் மருத்துவக் குழுவின் வேன் வந்தது. இந்த வருடம் புது டாக்டர், ஷாஹிதா என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. நாற்பது கொண்டை ஊசி வளைவும் தலையைச் சுற்றியிருக்க வேண்டும், ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இறங்கினார்.

வழக்கமாக உயரம், எடை, கண், பல் பார்த்துப் பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு மதியத்துக்குள் போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வகுப்பறைத் தகரக் கூரையில் மழை கொட்டியதில் ஒன்றும் கேட்கவில்லை. “சத்தமில்லாத ரூம் ஏதாவது இருக்கா சார்?” என்றார். காங்கிரீட் கூரை போட்ட அறை என் விளையாட்டுப் பொருள் அறை ஒன்றுதான். வலையையும் பந்துகளையும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு வாசலில் காவல் நின்றேன்.

கௌசிகா இன்று வந்திருந்தாள். மற்ற பிள்ளைகளுக்கு அரை நிமிடம். இவளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல். உட்கார வைத்து, இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, மறுபடி உட்கார வைத்து. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

“சார், இந்தப் பொண்ணுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி தொண்டை வலி வந்துச்சா? கேட்டா இல்லங்கறா.”

“வந்துது. ஜூன் பத்தொம்பது” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பையிலிருந்து டைரியை எடுத்து வாசித்தேன். ஜூன் 19, கழுத்தில் சுண்ணாம்பு. ஜூலை 8, வலது முட்டி, வீக்கம். ஜூலை 9, இடது கணுக்கால். ஜூலை 11, மணிக்கட்டு. அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

“பேரண்ட்ஸே இவ்ளோ தெளிவா சொன்னதில்ல சார். நீங்க எழுதி வச்சது பெரிய உதவி. ரொம்ப தேங்க்ஸ்” என்றார். ஜூலை 11-இல் மற்றபடி மழைக் குறிப்புதான் இருந்தது, அதை வாசிக்கவில்லை.

பிறகு எனக்கும் தலைமையாசிரியைக்கும் விளக்கினார். தொண்டையில் வரும் ஒரு வகைக் கிருமி. அப்போதே மருந்து கொடுத்தால் அங்கேயே முடிந்துவிடும். விட்டுவிட்டால் சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து, அதை எதிர்த்துச் சண்டை போட்ட உடம்பு தன் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும். மூட்டு வலி இடம் விட்டு இடம் போகும், ஒரு தடம் இல்லாமல் சரியாகிவிடும். இதயத்தின் வால்வு அப்படிச் சரியாவதில்லை. “இவ நெஞ்சுல ஒரு சத்தம் கேக்குது. வால்வு கசியுதுன்னு நினைக்கறேன். நாளைக்கே கோயம்புத்தூர் போகணும்.”

இடம் விட்டு இடம் போகும் என்று அவர் சொன்னபோது கௌசிகா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 19, வெள்ளி. கோயம்புத்தூர்

பள்ளியிலிருந்து வேறு யாருக்கும் நேரமில்லாததால் நான் கூட வந்தேன். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். நோய் இதயத்தைத் தொட்டிருக்கிறது, வால்வில் லேசான கசிவு. சீக்கிரம் பிடித்துவிட்டோம் என்கிறார்கள். இரண்டு வாரம் படுக்கை. முதல் பென்சிலின் ஊசி இன்று போட்டாயிற்று. இனி இருபத்தியோரு நாளைக்கு ஒரு முறை, குறைந்தது பத்து வருடம். தொண்டைக் கிருமி மறுபடி வந்தால் அடுத்த தாக்குதல் இன்னும் பலமாக இருக்கும், வால்வு முழுதாகக் கெட்டுப்போகும் என்றார் அங்கே இருந்த பெரிய டாக்டர். ஒரு ஊசியைக்கூடத் தவறவிடக் கூடாது என்று மூன்று முறை சொன்னார்.

பேச்சியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும், “இத லயன்ல யாருகிட்டயும் சொல்லிராதீங்க சார். பொம்பளப் புள்ள” என்றார்.

ஜூலை 20, சனி

தூக்கம் சரியில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கொசு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இரண்டாவது ஊசி. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் பள்ளியிலிருந்து நான்கு கிலோமீட்டர், அடுத்த எஸ்டேட்டில். நர்ஸ் விமலா போட்டார். மருந்து மாவு மாதிரி கெட்டியாக இருக்கிறது, இடுப்பில் மெதுவாகத்தான் இறக்க வேண்டும். கௌசிகா கத்திய கத்தலில் வெளியே காத்திருந்த கிழவர் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 14, புதன்

குறுவட்டப் போட்டி. முதல் சுற்றிலேயே தோற்றோம். பரவாயில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

காலை விமலாவிடமிருந்து போன். ஆகஸ்ட் 30-இல் போட வேண்டிய ஊசிக்கு கௌசிகா வரவில்லை. “மூணு நாள் ஆச்சு சார். அந்தம்மாவுக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்கறாங்க.”

பள்ளி விட்டதும் லயனுக்குப் போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பேச்சியம்மாள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். கௌசிகா கட்டிலில் உட்கார்ந்து பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஊசிக்குக் கூட்டிட்டுப் போகலியாம்மா?”

“புள்ள நல்லாத்தான சார் இருக்கு. ஓடுது, தின்னுது. பக்கத்து வீட்டுல கேக்குறாங்க, மாசா மாசம் எங்க போறீங்கன்னு. நான் என்ன சொல்றது? பத்து வருசம் சார். யாரு வந்து பொண்ணு கேப்பா?”

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். கிருமி, வால்வு, மறுபடி வந்தால் என்ன ஆகும், எல்லாம். அவர் விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

“நீங்கதான சார் சொன்னீங்க, இவ நடிக்கிறான்னு? அன்னிக்கு ராத்திரி ரெண்டு போட்டேன். அப்புறம் டாக்டரு சொன்னாரு, உசுருக்கே ஆபத்துன்னு. இப்ப இவ சொல்றா, ஒண்ணுமில்லன்னு. நான் யாரு பேச்சத்தான் நம்பறது?”

அந்த நேரத்தில் கௌசிகா பேசினாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வலிக்குதுன்னு சொன்னப்ப நம்பல. இப்ப வலிக்கலன்னு சொல்றேன், இதையும் நம்ப மாட்டேங்கறீங்க. நான் என்ன சொன்னாத்தான் நம்புவீங்க?”

பன்னிரண்டு வயதுகூட ஆகாத பிள்ளை. பதினேழு வருடத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

டைரி பையில் இருந்தது. எடுத்து ஜூலை 11-ஐத் திறந்தேன். டாக்டரிடம் வாசிக்காமல் விட்டதை இங்கே வாசித்தேன். நான்கு சுற்று. நடிப்புக்கு மருந்து ஓட்டம். இரண்டாம் சுற்றில் நின்றாள், விசில் ஊதினேன். நல்ல நடிகை. என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

“இத நான் டாக்டர் அம்மாட்டச் சொல்லல. மழைன்னு எழுதியிருக்கேன்னு எனக்கே பொய் சொல்லிக்கிட்டேன்” என்றேன். “தப்பு என் மேலதாம்மா. உங்க பிள்ள நடிக்கல. ஒரு நாளும் நடிக்கல. நெஞ்சு நோயோட நாலு சுத்து ஓடிருக்கா, நான் விசில் ஊதினேன்னு. கௌசிகா, நீ சொன்னது அத்தனையும் நெசம். முட்டியும் நெசம், கணுக்காலும் நெசம். என்னை மன்னிச்சிரு.”

அடுப்பு புகைந்தது. பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நானும்ல சார் அடிச்சேன்” என்றார். அப்புறம் கௌசிகாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“இப்ப வலிக்கலன்னு சொல்லுத, அதையும் நம்புதேன்” என்றேன் அவளிடம். “வலிக்காமலே உள்ள கெடுக்கிற நோய் இது. அதனாலதான் ஊசி. ஊசி வலிக்குன்னு சொல்லு, அதையும் நம்புதேன். வலிக்கும். நான் கூட வாரேன்.”

அவள் கொஞ்ச நேரம் அட்டையின் மடிப்பை நகத்தால் தேய்த்தாள். “எத்தன மணிக்கு?” என்றாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மூன்றாவது ஊசி போட்டாயிற்று. விமலா மருந்துக் குப்பியை முதலில் உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கிக்கொண்டார், வலி கொஞ்சம் குறையுமாம். கௌசிகா என் விரலைப் பிடித்து நசுக்கியதில் மோதிர விரல் இன்னும் மடங்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. டாக்டர் ஷாஹிதாவுக்குப் போன் செய்து நான்கு சுற்றையும் சொன்னேன். “சொன்னதுக்கு நன்றி சார். இனி வர்ற பிள்ளைங்களப் பாப்போம்” என்றார். அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

காலை கூட்டத்துக்கு முன்னால் குழாயடியில் இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கழுத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். வெள்ளைத் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. “சார் திட்டுவாருன்னு அண்ணன் சொன்னான்” என்றான்.

அங்கேயே நின்றுவிட்டேன். டாக்டர் நூற்று நாற்பது பிள்ளைகளிடமும் தொண்டை வலி வந்ததா என்று கேட்டார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொல்லவே தேவையில்லை, தாய்மார்கள் ஒவ்வொரு நாளும் கழுத்தில் வெள்ளையாக எழுதித்தான் அனுப்பியிருக்கிறார்கள். பதினேழு வருடமாக நான் வாசலில் நின்று அதை அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கூட்டத்தில் மைக் வாங்கினேன். “இனிமே யாரும் சுண்ணாம்பைக் கழுவக் கூடாது. பூசிட்டு வாறவங்க வரிசையில நிக்காம நேரா என்கிட்ட வரணும். யாரும் திட்ட மாட்டேன். விளையாட்டுல இருந்தும் எடுக்க மாட்டேன்.”

செப்டம்பர் 10, செவ்வாய்

ஒருவரும் வரவில்லை. பீப்பியின் பேச்சை யார் நம்புவார்கள்.

செப்டம்பர் 11, புதன்

வழிபாட்டுக் கூட்டம் தொடங்கும்போது கௌசிகா நேராக என்னிடம் நடந்து வந்தாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றைக் கையில் பிடித்திருந்தாள், அதன் கழுத்தில் சுண்ணாம்பு. “இவளுக்கு முழுங்க முடியல சார். உங்ககிட்ட வரப் பயந்தா. இப்ப திட்ட மாட்டாருன்னு நான் சொன்னேன்.”

அவள் சொன்னதால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். நால்வரையும் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். இரண்டு பேருக்கு வெறும் சளி. இரண்டு பேருக்குத் தொண்டையில் சீழ், பத்து நாள் மாத்திரை. திரும்பி வந்தபோது பள்ளி வாசலில் நின்ற கௌசிகாவுக்கு நன்றியாகத் தலையை ஆட்டினேன். அவளும் பெரிய மனுஷி மாதிரி ஆட்டினாள்.

செப்டம்பர் 16, திங்கள்

மாத்திரைப் பிள்ளைகள் இருவரும் மூன்றாம் நாளே நன்றாகிவிட்டார்கள், அதனால் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இனி மாத்திரை என் பையில் இருக்கும், மதியச் சாப்பாட்டு வரிசையில் என் கண் முன்னால் விழுங்க வேண்டும். சத்துணவு அமைப்பாளர் அக்கா, “முட்டைக்கு முன்னாலயா பின்னாலயா சார்?” என்று கேட்டு டம்ளரோடு நிற்கிறார். அவருக்கும் நன்றி.

அக்டோபர் 15, செவ்வாய்

ஐந்தாவது ஊசி. கத்தவில்லை, திட்டினாள். விமலாவை இல்லை, என்னை.

நவம்பர் 26, செவ்வாய்

ஏழாவது ஊசி. பாதையில் யானைக் கூட்டம், குட்டியோடு. ஒன்றரை மணி நேரம் தேயிலைச் சரிவில் உட்கார்ந்திருந்தோம். பேச்சியம்மாள் அரை நாள் வேலையை விட்டு வந்திருந்தார். யானைகள் நகர்கிற மாதிரி இல்லை. கொழுந்து லாரி ஓட்டுநர் எங்களை மேலே ஏற்றிக் காட்டுப் பாதையில் சுற்றிக் கொண்டுபோய் விட்டார். எதற்குப் போகிறீர்கள் என்று அவர் கேட்டபோது பேச்சியம்மாளே பதில் சொன்னார்: “எம் புள்ளைக்கு இதய ஊசி. இருபத்தியோரு நாளைக்கு ஒருக்கா போடணும்.” மறைக்கவில்லை. லாரியில் இருந்த இரண்டு பெண்கள் தங்கள் பிள்ளைகளின் தொண்டையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள்.

டிசம்பர் 5, வியாழன்

காலையில் பதினாறு பேர் கழுத்தில் வெள்ளையோடு வந்து நின்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதில் பதினான்கு சாக்பீஸ் தூள். எட்டாம் வகுப்பு முழுதும். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய மீள்பார்வையிலிருந்து தப்பிக்கிறார்களாம்.

பதினாறு பேருடைய தொண்டையையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். சாக்பீஸ்காரர்களில் ஒருவனுக்கு நிஜமாகவே சீழ் இருந்தது, அவனுக்கே தெரியவில்லை. மாலை ஞானத்திடம் சொன்னபோது, “பொய் சொன்னவனுக்கும் சேத்து நெசமாப் பாக்குதீங்களே, திருந்திட்டீங்க” என்றாள். நல்ல வார்த்தை அபூர்வமாகத்தான் அவளிடமிருந்து வரும். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 2, வியாழன்

இந்த வருடம் ஏஜெண்டிடம் நானே போய் டைரி கேட்டு வாங்கினேன்.

ஜனவரி 28, செவ்வாய்

பத்தாவது ஊசி. ஆறு மாத எக்கோ சென்ற வாரம் எடுத்தது: கசிவு கூடவில்லை. கூடவில்லை என்பதை எங்கள் தலைமையாசிரியை மைக்கில் அறிவித்தார். பிள்ளைகளுக்கு என்ன விஷயம் என்று புரியவில்லை, ஆனாலும் கை தட்டினார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கோடை விடுமுறைக்கு நாசரேத் போகாமல் இங்கேயே இருக்கிறோம். அடுத்த ஊசித் தேதிகள் மே 13, ஜூன் 3. ஞானத்துக்குக் கோபம்தான், ஆனால் கௌசிகாவுக்கு ஊசி முடிந்ததும் கொடுக்க எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள்.

ஜூலை 17, வியாழன். கோயம்புத்தூர்

பதினெட்டு ஊசி முடிந்தது. ஒரு வருட எக்கோ. பெரிய டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, பழைய அறிக்கையைப் பார்த்துவிட்டு, மறுபடி திரையைப் பார்த்தார். “கசிவு நல்லாவே குறைஞ்சிருக்கு. தேடிப் பாத்தாத்தான் தெரியுது” என்றார். ஊசி தொடர வேண்டும். ஓடலாமா என்று கௌசிகா கேட்டாள். ஓடலாம்.

பேச்சியம்மாள் டாக்டரைக் கும்பிட்டார். பிறகு என்னைக் கும்பிட வந்தார், நான் தடுத்துவிட்டேன். தகுதியில்லாத கும்பிடு. ஆனால் மனம் நிறைந்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். போன செப்டம்பர் முதல் பள்ளியில் முப்பத்து நான்கு தொண்டைகளுக்கு மருந்து கொடுத்திருக்கிறோம். ஒரு பிள்ளைக்கும் முட்டி வீங்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு இவ்வளவு நன்றி சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஜூலை 24, வியாழன்

இன்று காலை பதினொன்றரை மணிக்கு மைதானத்தில் இருந்தேன். கௌசிகா, இப்போது ஏழாம் வகுப்பு, வகுப்பறையிலிருந்து மெதுவாக நடந்து வந்தாள். கை நெஞ்சில்.

“சார், மூச்சு வாங்குது சார். உள்ள படபடங்குது.”

நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எஸ்டேட் அலுவலக ஜீப்பைக் கூப்பிட்டேன். பேச்சியம்மாளுக்கு ஆள் அனுப்பினேன். நான்கு கிலோமீட்டரும் பைபிளின் இருபத்து மூன்றாம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன், நடுவில் இரண்டு வசனம் மறந்து முதலிலிருந்து தொடங்கினேன். பதினைந்து நாளைக்கு முன்னால் ஏதாவது தொண்டையைக் கவனிக்காமல் விட்டோமா, ஊசி ஏதாவது தள்ளிப்போனதா என்று மனம் தேதிகளைப் புரட்டிக்கொண்டே இருந்தது.

விமலா நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார். சுகாதார நிலைய டாக்டர் வந்து நெஞ்சில் வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். “எல்லாம் நார்மலா இருக்கே” என்றார்.

கௌசிகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “மணி என்ன சார் அது? பன்னெண்டரையா?”

“ஆமா. ஏன், என்ன செய்யுது?”

“கணக்கு டெஸ்ட் முடிஞ்சிருக்கும்ல?”

முதலில் சிரித்தது விமலா. டாக்டர் குழாயைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்ச் சிரித்தார். கௌசிகா மட்டும் சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடினேன், விசில்தான் கிடைத்தது.

“இனிமே நான் சொன்னா நம்ப மாட்டீங்கல்ல சார்?” என்று மெல்லக் கேட்டாள்.

“நம்புவேன்” என்றேன். “நாளைக்கு இதையே சொல்லு, நாளைக்கும் ஜீப்பு வரும். நாளான்னைக்குச் சொல்லு, அப்பவும் வரும். டெஸ்ட்டை மட்டும் திங்கக்கிழமை என் முன்னால உக்காந்து எழுதணும்.”

“பின்னம் வராது சார்.”

“எனக்கும் வராது. ரெண்டு பேரும் படிப்போம்.”

நெஞ்சில் ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளைதான் கணக்குக்குப் பயந்து இப்படி ஒரு பொய் சொல்லும். ஆண்டவரே, அவள் பொய்க்காக உமக்கு ஸ்தோத்திரம்.